வஞ்சிக்கொடியின் ஐம்பத்து மூன்று பைல்கள்

திருச்செங்கோட்டில் போர்வெல் பைப் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்த நல்லசிவம் கம்ப்யூட்டர் ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் எந்தப் பைலைத் தொடங்கினாலும் முதல் வரியில் தங்கள் பெயரைப் போட்டுவிட வேண்டும், தப்பு வந்தால் யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது என்று முதலாளி நல்லசிவத்துக்குத் தெரிய வேண்டுமில்லையா, அதற்காக. நாளாக நாளாகப் பைலுக்கு வைத்த பெயர் எல்லோருக்கும் மறந்துபோய் ஆள் பெயரே நின்றுவிட்டது. "சிகாமணிய இடது பக்கம் வெச்சுக்கிட்டு யுவராசன வலது பக்கம் தொறங்க" என்றும், "முதலாளிய மொதல்ல மூடுங்க, அவருனால எல்லாமே மெதுவாகுது" என்றும் அங்கே பதினொரு பேரும் சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள், புதிதாக வருகிற, போர்வெல் துளை போடும் ரிக் வண்டிக்காரர்கள்தான் கொஞ்சம் மிரண்டு போவார்கள்.

அந்த ஆபீசில் திரையை அடுக்குவதில் கலாமணியை மிஞ்ச ஆள் கிடையாது. படிக்க வேண்டிய பைல் இடது பக்கம், எழுத வேண்டிய பைல் வலது பக்கம், ஓட்டிப் பார்க்கிற ஜன்னல் கீழே நான்கு விரல்கடை உயரத்துக்கு, எந்நேரமும் ஏழு பைலுக்கு மேல் திறந்திருக்காது, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒவ்வொன்றாகச் சேவ் பண்ணி ஒவ்வொன்றாக மூடிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். பதினொரு வருஷமாக யாருடைய திரை சிக்கலானாலும் "கலாமணியக்கா, சித்த வந்து இத ஒழுங்கு பண்ணிக் குடுங்க" என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் சலித்துக்கொள்வது மாதிரி எழுந்து போய், நாலு இழுப்பில் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, சலித்துக்கொள்வது மாதிரியே திரும்பி வருவாள். அந்தப் பெருமையைத் தவிர அவளுக்குச் சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு புருஷன் இருந்தான். செங்கோட்டுவேல் என்று பெயர். ரிக் வண்டியில் துளை போடுகிற வேலை, வருஷத்தில் பதினொரு மாதம் சத்தீஸ்கரில், ஒரு மாதம் வீட்டில்.

வஞ்சிக்கொடி அவளுக்கு அடுத்த மேசை. வஞ்சிக்கொடியின் திரையைப் பார்த்தால் சந்தை கலைந்த இடம் மாதிரி இருக்கும். ஐம்பத்து மூன்று பைல் திறந்திருக்கும், மேலே டேபுகள் நசுங்கி நசுங்கி யார் பெயரும் தெரியாது, ஒரு பைல் பாதித் திரையில், ஒன்று அதன் மேல், ஒன்று சாய்ந்த மாதிரி ஓரத்தில், கீபோர்டின் இடுக்கில் முறுக்குத் தூள். எதையும் மூட மாட்டாள், மிஷினைக்கூடப் பூட்ட மாட்டாள், கேட்டால் "நாளைக்கும் அதையேதானுங்கக்கா தொறக்கப் போறோம்" என்று சிரிப்பாள். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள், ஆனால் யாருடைய கூரை என்று அது விசாரிப்பதேயில்லை.

தை மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, எந்த வண்டி எந்த ஊரில் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று சொல்கிற ப்ரோக்ராமில் ஒரு வண்டி ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் துளை போடுவதாகக் காட்டியது. சிகாமணியின் பைலில் தப்பா, யுவராசனின் பைலில் தப்பா என்று ஒத்துப் பார்க்க வஞ்சிக்கொடி இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்தாள், வைத்தவள் வழக்கம்போல அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். சிகாமணியும் யுவராசனும் ஒரு கிடா விருந்தில் இலை போட்ட வரிசை தொடர்பாக மனஸ்தாபப்பட்டு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். புதன்கிழமை விடிந்தபோது சூரியம்பாளையத்தில் இருந்த யுவராசனின் வீடு, கிணறு, இரண்டு தென்னை, கொடியில் காய்ந்த வேட்டி உட்படக் கூட்டப்பள்ளியில் சிகாமணியின் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

யுவராசனின் பெண்டாட்டி வாசல் தெளிக்க வந்தவள், தெருக்குழாய் வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் போயிருப்பதைப் பார்த்து, எதிர்வீட்டம்மாளிடம், "இங்க தண்ணி தெனமும் வருதுங்களா, ஒருநாள் விட்டு ஒருநாளுங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். மின்சாரக்காரர் வந்து ஒயரை நீட்டி விட்டுப் போனார். தபால்காரர் மட்டும் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று மூன்று நாள் முறைப்பாக இருந்தார். யுவராசன் சேலத்துக்குப் போய் ஒருநாள் தங்கிப் பார்த்தான், அங்கே சோப்பு வாங்கிய கடையில் பக்கத்தில் நின்று சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தவன் சிகாமணி. இருவரும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் பேசாமலே திரும்பி வந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆளுக்குப் பாதிச் செலவில் ஒரு சுவர் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரத்துக்குள் இன்னும் நான்கு வீடுகள் நகர்ந்த பிறகு காரணம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எப்போது ஆபீஸ் திறக்கும் என்றுதான் கேட்டார்கள். முதல் வரியில் ஒரு பெயர் இருந்தால் போதும், வேறு ஒன்றும் எழுத வேண்டியதில்லை, வஞ்சிக்கொடி அதைச் சேவ் பண்ணி எவர் பக்கத்தில் வைக்கிறாளோ அவர் பக்கத்தில் அந்த ஆள் வந்துவிடுவார் என்பது கூட்டப்பள்ளியிலிருந்து கொக்கராயன்பேட்டை வரைக்கும் பரவியது. ஓசூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பக்கத்தில் வைக்கச் சொல்லித் தாய்மார்கள் வந்தார்கள், மாமியாரைக் கடைசியில் தள்ளி வைக்கச் சொல்லி மருமகள்கள் பின்வாசல் வழியாக வந்தார்கள், சீட்டாட நாலாவது கை இல்லாமல் தவித்த மூன்று ஓய்வுபெற்ற வாத்தியார்கள் வந்து சேந்தமங்கலத்தில் இருந்த ஒருவரை வரவழைத்துக்கொண்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் நாற்புறமும் யார் யார் இடம் என்பதைப் பென்சிலால் எழுதத் தொடங்கினார். ரிக் வண்டிகளில் போன பையன்களைப் பெற்றவர்கள் மொத்தமாக வந்து மொத்தமாகப் பெயர் கொடுத்தார்கள். நல்லசிவம் மாடிப்படியில் டோக்கன் வைத்தார், கீழே பைப் கடைக்காரர் பைப்புகளை உள்ளே தள்ளிவிட்டு மோர் வைத்தார்.

மாடிப்படி ஏறி வந்த அத்தனை பேரும் கலாமணியின் மேசையைத் தாண்டித்தான் வஞ்சிக்கொடியிடம் போக வேண்டும். தாண்டினார்கள். சிலர் பையை அவள் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

கலாமணிக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, பொறாமைதான், சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. அடுத்த வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்தது என்று அம்மிக்குழவியை எடுத்துத் தன் வயிற்றில் குத்திக்கொண்டாளாம் ஒருத்தி, அவளுக்காவது அடுத்த வீட்டுக்காரி, இவளுக்கு அடுத்த மேசை, எட்டு மணிநேரமும் கண்ணெதிரே. பதினொரு வருஷம் அடுக்கியவள் நான், ஒரு டேபை ஒழுங்காக மூடத் தெரியாதவள் கைக்கு ஊரே வந்து நிற்கிறதே என்று அவள் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டில் உப்பு தெரியவில்லை. வஞ்சிக்கொடி முறுக்கு நீட்டினால் பல்வலி என்றாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. யாரும் பார்க்காதபோது தன் மிஷினில் 'கலாமணி' என்று ஒரு பைல், 'செங்கோட்டுவேல்' என்று ஒரு பைல், இரண்டையும் திரையின் சரிபாதியில், கோடு பிடித்தாற்போல் அக்கம்பக்கமாக வைத்தாள், மலைமேல் இருக்கிற அர்த்தநாரி சாமிகூட அத்தனை நேராகப் பாதி பிரிந்திருக்காது. சேவ் பண்ணினாள். எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். ஒரு வாரம் பார்த்தாள். சத்தீஸ்கரிலிருந்து போன்தான் வந்தது.

"பிரிச்சுப் போட்ட மாதிரி ஆயிருச்சு கலா" என்றான் செங்கோட்டுவேல். "கேம்ப்ல பன்னெண்டு பேரு இருந்தம். காலைல எந்திரிச்சா ஒருத்தன் இருக்கறதில்ல. அவனவன் அவனவன் ஊட்டுக்குப் போயிட்டான். இப்ப நானும் சமையக்காரருந்தான். அவரு பேரும் குடுத்தாச்சாம், வெள்ளிக்கெழம போயிருவாராம். உங்க ஆபீஸ்ல ஆரோ ஒரு புள்ளயாமா? மகராசி. அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்."

'மகராசி' என்ற சொல் கலாமணியின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இறங்கியது. "நெட்டு சரியில்லீங்க, பொறவு பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

கேட்காமலே வஞ்சிக்கொடி வந்தாள், அதுதான் கலாமணிக்கு இன்னும் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் நாற்காலியைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, "அக்கா, மாமனுக்கும் ஒரு பைல் போட்டு உங்க பக்கத்துலயே வெச்சுட்டனுங்க. சேவ் மட்டும் பண்ணல. உங்களக் கேக்காம எப்புடிப் பண்றதுன்னுதான் விட்டிருக்கறேன். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், தட்டி உட்டர்றேன்" என்றாள்.

சொல்லியிருக்கலாம். 'சரி' என்பது எவ்வளவு சின்ன வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் ஆயுசுக்கும் இவள் கொடுத்த புருஷனோடு அல்லவா குடித்தனம் பண்ண வேண்டும் என்று கலாமணிக்குத் தோன்றியது. "உன்ற சோலியப் பாரு அம்மிணி" என்றாள். "எங்க ஊட்டுக்காரரு வர்றப்ப அவரா வருவாரு."

"சரிங்கக்கா. பைலு அங்கயேதான் கெடக்கும், எப்ப வேணா சொல்லுங்க" என்று வஞ்சிக்கொடி திரும்ப உருண்டு போனாள். கோபித்துக்கொள்ளக்கூடத் தெரியாத பெண். கோபித்துக்கொண்டிருந்தால் கலாமணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வஞ்சிக்கொடி தன் அப்பாவுக்குச் சோறு போட வீட்டுக்குப் போயிருந்தாள். வரிசையில் நின்றவர்கள் மோர் குடிக்கக் கீழே இறங்கியிருந்தார்கள். மிஷின் எப்போதும்போலத் திறந்தே கிடந்தது. கலாமணி எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் எடை அதற்குப் பழக்கமில்லாததால் அது ஒருமுறை கிறீச்சிட்டது.

ஐம்பத்து மூன்று பைல். ஊர் முழுக்க அங்கேதான் கிடந்தது, ஒருவர்மேல் ஒருவராக, தாய்களும் மகள்களும் வாத்தியார்களும், ஒரு பைலிலேயே நாலைந்து குடும்பத்தை அடைத்து வேறு வைத்திருந்தாள். தேடித் தேடி நடு வரிசையில் கண்டுபிடித்தாள். இடது பக்கம் 'கலாமணி'. அதற்குப் பக்கத்தில் 'செங்கோட்டுவேல்', இரண்டு டேபின் முனையிலும் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, இன்னும் சேவ் ஆகவில்லை என்பதற்கு அடையாளம். ஒரு விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும். தட்டிவிட்டு எழுந்து வந்திருந்தால் இந்தக் கதையும் இல்லை.

ஆனால் செங்கோட்டுவேலின் மறுபக்கத்தில், இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, 'வஞ்சிக்கொடி' என்று இன்னொரு பைல் இருந்தது.

அது எந்த உள்நோக்கத்தோடும் வைத்ததல்ல. வஞ்சிக்கொடியின் பைல் நாலு நாளாக அங்கேதான் கிடந்தது, அதன் பக்கத்தில் முதலில் கலாமணியை வைத்ததே அவள்தான், பக்கத்து மேசை அக்கா பக்கத்திலேயே இருக்கட்டும் என்று. மாமனை நடுவில் சொருகியதில் தன் பைல் அந்தப் பக்கம் போய்விட்டதை அவள் கவனித்திருக்கவே மாட்டாள், எதைத்தான் அவள் கவனித்தாள். கலாமணிக்கு இது தெரியாதா? தெரியும். பொறாமைக்குத் தெரிந்தென்ன, தெரியாமலென்ன. இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவள், நடுவில் என் புருஷனா என்று அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

மவுஸால் 'வஞ்சிக்கொடி'யைப் பிடித்து இழுத்தாள். மூடவில்லை, அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், மூடுகிற அளவுக்குக் கெட்டவள் அல்ல அவள். சும்மா தள்ளி வைத்தாள். நகர்த்த நகர்த்த வழியில் எவர் பக்கத்தில் விட்டாலும் கண்ணுக்குப் படுகிற தூரமாகவே தோன்றியதால், ஐம்பத்து மூன்றையும் தாண்டி, டேபுகள் திரையின் விளிம்புக்கு அப்பால் ஒளிந்துகொள்கிற இடத்துக்கும் அப்பால் கொண்டுபோய் விட்டாள். வஞ்சிக்கொடி இருந்த இடம் வெறுமையாக, சாம்பல் நிறத்தில் நின்றது. சுத்தமாக இருந்தது. பிறகுதான் கலாமணியையும் செங்கோட்டுவேலையும் சேவ் பண்ணினாள்.

கையின் கீழே இருந்த மேசை நழுவியது. கலாமணி தரையில் உட்கார்ந்திருந்தாள். மேசை இல்லை, மிஷின் இல்லை, நாற்காலி இல்லை, தரையில் மேசைக் கால்கள் நின்ற நான்கு சுத்தமான வட்டங்களும் கொஞ்சம் முறுக்குத் தூளும் மட்டும் இருந்தன. ஆளோடு வீடு போகும் என்று தெரிந்த ஊரில், வஞ்சிக்கொடி போனால் அவளுடைய மேசையும் மிஷினும் போய்விடும் என்பதை ஒருவரும் யோசித்ததில்லை, அவளை நகர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததால்.

மோர் குடித்துவிட்டு ஏறி வந்த கூட்டம் நான்கு வட்டங்களையும் பார்த்தது. வஞ்சிக்கொடியின் வீடு இருந்த இடத்தில் முருங்கை மரமோ ஆடுகளோ அப்பாவோ இல்லை, வெறும் பொட்டல்தான் இருக்கிறது என்று அரைமணியில் செய்தி வந்தது. "மகராசி, எங்கியோ பெரிய எடத்துக்குப் போயிட்டா" என்று சொல்லி, டோக்கன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யார் பக்கத்தில் யார் இருந்தார்களோ அவர்களோடே இருந்துகொள்வது என்று ஊர் முடிவுசெய்தது. கிராம நிர்வாக அலுவலர் பென்சில் எழுத்தின் மேல் பேனாவை ஓட்டினார்.

கலாமணி வீட்டுக்கு ஓடினாள். திரையில் அந்தச் சாம்பல் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தது போலவே அவள் வீடே இடம் மாறி அந்தப் பொட்டலின் ஓரத்தில் நின்றது, செங்கோட்டுவேல் கூடத்தில், கையில் பைப் திருகுகிற இரும்புச் சாவியோடு, முகமெல்லாம் சத்தீஸ்கர் மண்ணோடு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் அழுதாள்.

"ஆரு வெச்சது? அந்தப் புள்ளயா?" என்று கேட்டான்.

"நாந்தாங்க" என்றாள் கலாமணி. "என்ற கையாலதான் வெச்சேன்."

அது பொய் இல்லைதான். அவனுக்கு அப்படியொரு பெருமை. "என்ற பொண்டாட்டி அடுக்குனான்னா அதுதான் அடுக்கறது" என்று டீக்கடையில் சொன்னான், அவளும் பக்கத்தில்தான் நின்றாள், ஏனென்றால் கைக்கெட்டும் தூரத்துக்கு மேல் இனி இருவரும் பிரிய முடியாது. ஆபீசில் அவள் மேசைக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், அவள் ப்ரோக்ராம் எழுத அவன் வெற்றிலை மடிப்பான். இருபத்து மூன்று நாள் கலாமணி சந்தோஷமாக இருந்தாள். சாப்பாட்டில் உப்பு தெரிந்தது. பொறாமைப்பட ஒரு ஆள்கூட இல்லாமல் காலையில் எழுந்திருப்பது இத்தனை லேசாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

இருபத்து நான்காம் நாள் சாயங்காலம் போன் அடித்தது. கலாமணி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். செங்கோட்டுவேல் கை நீட்டி எடுத்து, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"அக்கா, நாந்தானுங்க வஞ்சி" என்றது குரல், பின்னால் பெரிய இரைச்சல். "எங்க ஊடு எங்கயோ கடலோரமா வந்து நிக்குதுங்க. இந்தப் பக்கம் தண்ணி, அந்தப் பக்கம் மணலு, பக்கத்துல ஒரு ஊடு இல்ல, மனுசர் இல்ல. அப்பா ஆட்டுக்குட்டியோட பேசிக்கிட்டிருக்கறாரு. இங்க கரண்டும் இல்லீங்க, மிசினு சும்மா கெடக்குது. போன இத்தன நாளும் அணைச்சே வெச்சிருந்தனுங்க, மேடேறிப் போனா ஒரு மூலைல மட்டும் சிக்னலு கெடைக்குது. அது கெடக்கட்டும். நா எதுக்குக் கூப்புட்டன்னா, மாமனோட பைலு போட்டு உங்க பக்கத்துல வெச்சிருந்தனில்லீங்களா, நீங்க வேண்டாம்னு சொல்லவும் சேவ் பண்ணாமயே உட்டுட்டனுங்க. தெனமும் அதே நெனப்பா இருக்குது. நீங்க வேண்டாம்னாலும் நா ஒரு தட்டு தட்டியிருக்கோணும். மாமா அவரா வந்துட்டாருங்களாக்கா?"

கலாமணியின் கை மாவுக்குள்ளேயே நின்றது. செங்கோட்டுவேல்தான் பதில் சொன்னான். "வந்துட்டன் கண்ணு" என்றான்.

"அய்யோ, மாமாங்களா! நல்லா இருங்க மாமா" என்று அவள் சிரித்தாள், அதற்குள் இரைச்சல் அவளை மூடிவிட்டது.

அவன் திட்டவில்லை. கையை ஓங்கவும் இல்லை, அந்த மாதிரி ஆளும் இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தான், அவளும் மாவுக் கையோடு கூடவே வர வேண்டியிருந்தது. வீட்டுக்கு வலது பக்கம் பொட்டலைப் பார்த்தான். "இங்கதான் இருந்துச்சா அந்தப் புள்ளயோட ஊடு?" என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். "எனக்கு எடம் பண்ணத்தான் அதத் தள்ளி வெச்சயா?" என்று கேட்டான், அதற்கு அவள் தலையை ஆட்டவில்லை. அவன் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பொட்டலைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து அவன் அந்தப் பக்கம்தான். சாப்பிட்டால் அந்தப் பக்கம் பார்த்து, வெற்றிலை மடித்தால் அந்தப் பக்கம் பார்த்து, ஆபீசில்கூட நாற்காலியைத் திருப்பி அந்த நான்கு வட்டங்களைப் பார்த்து. கலாமணி பொட்டலை மறைக்கச் சுவர் எழுப்பினாள், அவன் மாடியில் நாற்காலி போட்டான், அவளும் ஏறினாள். பேசினால் பதில் சொல்வான், இதமாகவே சொல்வான், முகத்தை மட்டும் திருப்ப மாட்டான். கலாமணிக்கு இப்போது அந்த வெறும் மண்ணின் மேல் பொறாமையாக இருந்தது, அதில் முளைக்கிற அருகம்புல்லைக்கூடப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தாள், பிடுங்கிய இடத்தை அவன் இன்னும் கவனமாகப் பார்த்தான்.

அவன் சத்தீஸ்கரில் இருந்த வருஷங்களில் கண்ணை மூடினால் அவளுக்கு அவன் முகம் தெரியும். இப்போது தினமும் சாயங்காலம் மாடியில் அவன் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவள் அவனுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.